சாட்சியில் சொல்லாமல் விட்ட மாத்திரை



சில வாரங்களுக்கு முன் ஞாயிறு ஆராதனை முடிந்தபின் ஒரு சகோதரி தன் கணவரின் இரத்தப் பரிசோதனைச் சீட்டை என்னிடம் நீட்டினார்கள். "பாஸ்டர், உங்களுக்கு வந்த அதே வியாதிதானாம். நீங்க எப்படிச் சுகமானீங்க?" என்று கேட்டார்கள். ஜெபித்து அனுப்பினேன். ஆனால் "சுகமானீங்க" என்ற அந்தச் சொல் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. எனக்கு வந்த நோய் சி.எம்.எல். என்று அழைக்கப்படும் ஒருவகை நாட்பட்ட இரத்தப் புற்றுநோய். அது என்ன, எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், எப்படி நடத்துகிறார்கள் என்பதையும், அதில் நான் செய்த ஒரு பிழையையும் மறைக்காமல் எழுதிவிடுவது நலம் என்று தோன்றிற்று.

2009-ஆம் ஆண்டில் எனக்கு வயது 39. மும்பைக்கு வந்து பதினான்கு வருஷம் ஆகியிருந்தது. தாராவியில் ஒரு மாடி அறையில் சபை கூடிவந்தது. பெரும்பாலும் நம் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பங்கள். அந்த வருஷம் கோடைக்குப் பிறகு எனக்குக் காரணம் தெரியாத களைப்பு. இரண்டு இட்லி சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும். இடப்பக்க விலாவின்கீழ் ஏதோ கல் வைத்தாற்போல் ஒரு கனம். இரவில் பனியன் நனைய வியர்க்கும்; மும்பையின் புழுக்கம் என்று எண்ணிக்கொண்டேன். சட்டைக் கழுத்து தளர்ந்துபோவதைக் கண்ட விசுவாசிகள், "பாஸ்டர் உபவாசம் பண்ணியே மெலிந்துவிட்டார்" என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அது என் காதில் விழுந்தபோது நான் மறுத்துச் சொல்லவில்லை.

குடலிறக்கத்திற்கு ஓர் அறுவை சிகிச்சை செய்யவேண்டியிருந்தது. அதற்கு முன்பாக எடுத்த சாதாரண இரத்தப் பரிசோதனையில்தான் அகப்பட்டது. வெள்ளை அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டரில் ஏறக்குறைய 4,000 முதல் 11,000 வரை இருக்கவேண்டும். எனக்கு 1,92,000 இருந்தது. இயந்திரத்தில் கோளாறு என்று எண்ணிப் பரிசோதகர் மறுபடியும் ஊசி போட்டு இரத்தம் எடுத்தார். இரண்டாம் முறையும் ஏறக்குறைய அதே எண். அறுவை சிகிச்சை நின்றது. வேறு மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள்.

இந்நோய் வந்தவர்களில் பலருக்கு இப்படித்தான், வேறு எதற்கோ எடுத்த இரத்தப் பரிசோதனையில் தற்செயலாகத் தெரியவருகிறது. என் இடப்பக்கக் கனம் மண்ணீரல் வீங்கியதால் வந்தது. அது இரைப்பையை அழுத்தியதால் இரண்டு இட்லியோடு பசி அடங்கிற்று. இரவு வியர்வையும் மெலிவும் இந்த நோயின் அடையாளங்களே. மேல்நாடுகளில் இது பெரும்பாலும் அறுபது வயதை ஒட்டியவர்களுக்கு வருகிறது. நம் தேசத்தில் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும், வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்குகிற வயதிலேயே, அநேகருக்கு வந்துவிடுகிறது.

இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டாலும், மஜ்ஜையை உறிஞ்சும் அந்த ஒரு கணம் காலோடு இழுக்கும் வலி இருக்கத்தான் செய்தது. ஆனால் கேள்விப்பட்டுப் பயந்த அளவுக்கு இல்லை. பயப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மஜ்ஜையிலும் இரத்தத்திலும் அவர்கள் தேடியது ஒரு சின்னஞ்சிறிய குரோமோசோமை. அதற்குப் பிலடெல்பியா குரோமோசோம் என்று பெயர். மருத்துவர் அந்தப் பெயரைச் சொன்னபோது வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் சபைதான் என் நினைவுக்கு வந்தது. இது அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம். அங்கே 1960-இல் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்ட் என்ற இருவர் இந்த நோயாளிகளின் அணுக்களில் அதைக் கண்டுபிடித்தார்கள்.

அது ஏன் சிறுத்திருக்கிறது என்பதை 1973-இல் சிகாகோவைச் சேர்ந்த ஜேனட் ரௌலி என்ற பெண் மருத்துவர் விளக்கினார். குரோமோசோம்களின் புகைப்படங்களைக் கத்தரித்து வீட்டுச் சாப்பாட்டு மேசையின்மேல் பரப்பி ஒப்பிட்டுப் பார்ப்பது அவர் வழக்கமாம். 9-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் 22-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் உடைந்து இடம் மாறிக்கொண்டிருப்பதை அவர் கண்டார். பைண்டிங் கடையில் இரண்டு புத்தகங்களைப் பிரித்துத் தைக்கும்போது ஒன்றின் கடைசித் தாள்களை மற்றொன்றோடு சேர்த்துத் தைத்துவிட்டதைப் போல என்று நான் சபையில் சொல்வதுண்டு. அந்தத் தவறான தையலில் இரண்டு மரபணுக்கள் ஒட்டிப் புதிய ஒன்று உண்டாகிறது. அதன் பெயர் பி.சி.ஆர்-ஏ.பி.எல். அது உண்டாக்கும் புரதம், எப்போதும் அழுத்தியே வைக்கப்பட்ட மின்விசைபோல, "பெருகு, பெருகு" என்று மஜ்ஜைக்கு ஓயாமல் கட்டளையிடுகிறது. வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். இந்த உடைவு ஒரு மனிதனின் வாழ்நாளில், அவனுடைய மஜ்ஜையின் ஓர் அணுவில் நேரிடுவது. தகப்பனிடமிருந்து வருவதல்ல, பிள்ளைகளுக்குப் போவதுமல்ல, தொட்டால் ஒட்டுவதுமல்ல. ஹிரோஷிமா, நாகசாகியில் அணுகுண்டுக் கதிர்வீச்சுக்குத் தப்பியவர்களிடம் இது அதிகமாகக் காணப்பட்டது உண்மை. மற்றபடி பெரும்பாலோருக்கு இன்ன காரணத்தால் வந்தது என்று யாராலும் சுட்டிக்காட்ட இயலாது. எனக்கு நோய் என்று தெரிந்த மாதத்தில், "ஊழியக்காரர் வீட்டில் ஏதோ சாபம்" என்று சொன்னவர்கள் உண்டு. என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. "நாளைக்கு இவளுக்குச் சம்பந்தம் பேசும்போது இதைக் கேட்பார்களே" என்று என் மனைவி அழுதாள். மரபுவழி நோயல்ல என்று மருத்துவர் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார். அந்தத் தாளை அவள் பல வருஷங்கள் பீரோவில் வைத்திருந்தாள்.

2001-க்கு முன் எனக்கு இது வந்திருந்தால் கதை வேறு. அக்காலத்தில் அணுக்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் மாத்திரைகளும் இன்டர்ஃபெரான் ஊசியும் இருந்தன. ஆனாலும் சில வருஷங்களில் நோய் முற்றிவிடுவதே வழக்கம். மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நம் தேசத்தில் 1983-இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் தொடங்கிற்று. அதற்கு உடன்பிறந்தார் மஜ்ஜை பொருந்தவேண்டும். ஒவ்வொரு உடன்பிறப்புக்கும் நாலில் ஒரு வாய்ப்பே. செலவும் ஆபத்தும் பெரிது.

பிரையன் ட்ரூக்கர் என்ற அமெரிக்க மருத்துவர் 1998-இல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கிய இமாட்டினிப் என்ற மருந்து இதை மாற்றிற்று. நான் சொன்ன அந்த மின்விசையின்மேல் போய் உட்கார்ந்து அதை இயங்கவிடாமல் தடுப்பதே அதன் வேலை. 2001 மே மாதத்தில் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி கொடுத்தது. கிளிவெக் என்ற பெயரில் நம் தேசத்திலும் அது வந்தபோது மாதத்திற்கு ஏறக்குறைய 1,20,000 ரூபாய் விலை. இந்தியக் கம்பெனிகள் செய்த அதே மருந்து பத்தாயிரத்திற்குள் கிடைத்தது. நோவார்ட்டிஸ் கம்பெனி கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் மறுத்தது. வழக்கு நடந்து, 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்தது. வழக்கு நடந்த அந்த வருஷங்களிலேயே நான் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தேன். காணிக்கையில் வாழ்ந்த எனக்கு அந்தப் பத்தாயிரத்திற்கு உட்பட்ட தொகையே மலையாயிருந்தது. இரண்டு விசுவாசிகள் மாதந்தோறும் பங்கிட்டுக்கொண்டார்கள். ஒருவர் இட்லி வியாபாரம் செய்தவர். அவர் கொண்டுவரும் நோட்டுகளில் தேங்காய்ச் சட்னி வாசனை இருக்கும். இன்று விலை வெகுவாய்க் குறைந்துவிட்டது.

மருந்து 400 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று. நல்ல சாப்பாட்டோடு, ஒரு பெரிய தம்ளர் தண்ணீருடன் எடுக்கவேண்டும். வெறும் வயிற்றில் எடுத்தால் குமட்டும். காலையில் கண்களின்கீழ் வீங்கும். நடுராத்திரியில் கெண்டைக்காலில் நரம்பு இழுக்கும். தோலின் நிறமும் வெளுத்தது. "மும்பைத் தண்ணீர் பாஸ்டருக்கு ஒத்துக்கொண்டது, நிறம் வந்துவிட்டது" என்று ஊரிலிருந்து வந்த என் அத்தை மெச்சினார்கள். அது மருந்தின் பக்கவிளைவு என்று அவர்களுக்கு விளங்கவைக்க என்னால் கடைசிவரை முடியவில்லை. ஒன்றை மட்டும் சகோதரிகள் கவனிக்கவேண்டும்: இம்மருந்தை எடுக்கும் காலத்தில் கருத்தரித்தல் கூடாது, குழந்தைக்குத் தீங்கு உண்டு. பிள்ளைப்பேற்றுக்குத் திட்டமிடுகிறவர்கள் வெட்கப்படாமல் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசவேண்டும்.

மூன்று மாதத்திற்குள் என் வெள்ளை அணுக்கள் 6,400-க்கு இறங்கின. மண்ணீரல் சுருங்கிற்று. நாலு இட்லி சாப்பிட்டேன்.

இந்த இடத்தில்தான் நோயாளிகள் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தேன். எண்ணிக்கை சரியானது முதற்படி மட்டுமே. மஜ்ஜைக்குள் இன்னும் எத்தனை தவறான அணுக்கள் ஒளிந்திருக்கின்றன என்று காட்டுவது வேறொரு பரிசோதனை. அதற்கும் பிசிஆர் என்றே பெயர். தமிழ் எழுத்தில் மரபணுவின் பெயரும் பரிசோதனையின் பெயரும் ஒன்றுபோல் தெரிவது ஒரு தொல்லை. ஆங்கிலத்தில் முதலெழுத்து வேறு. அதன் முடிவு சதவீதத்தில் வரும். தொடக்க நிலையை நூறு என்று வைத்துக்கொண்டால், மூன்று மாதத்தில் 10 சதவீதத்திற்குள்ளும், ஆறு மாதத்தில் 1 சதவீதத்திற்குள்ளும், ஒரு வருஷத்தில் 0.1 சதவீதத்திற்குள்ளும் இறங்கவேண்டும் என்பது மருத்துவர்கள் பார்க்கும் கணக்கு. எனக்குப் பன்னிரண்டாம் மாதத்தில் 0.08 வந்தது. மருத்துவர் முதன்முறையாகச் சிரித்தார்.

2011 மே மாதத்தில் கல்யாண் பக்கத்தில் நடந்த மூன்று நாள் கூட்டத்தில் என்னைச் சாட்சி சொல்ல அழைத்தார்கள். 1,92,000 என்ற எண்ணைச் சொன்னேன். மரணத்தின் வாசல்வரை போனதைச் சொன்னேன். "இன்று என் இரத்தத்தில் ஒன்றுமில்லை, பூரண சுகத்தோடு நிற்கிறேன்" என்றேன். ஜனங்கள் கைகொட்டி ஸ்தோத்திரித்தார்கள். அன்று காலையிலும் என் சட்டைப் பையில் மாத்திரைப் பட்டை இருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். மாத்திரையைச் சொன்னால் சாட்சியின் பெலன் குறையும் என்ற எண்ணம் எனக்குள் இருந்தது என்பதே உண்மை. எசேக்கியா ராஜாவுக்கு ஏசாயா அத்திப்பழப் பற்று போடச் சொன்னதை வேதாகமக் கல்லூரியில் படித்தவன்தான் நான்.

அதே வருஷம் ஆகஸ்டில் சபையில் 21 நாள் உபவாச ஜெபம். மாத்திரைக்குச் சாப்பாடு வேண்டும். சாப்பாடு இல்லையென்றால் குமட்டல். ஆகவே மாத்திரையையும் விட்டேன். ஒன்றும் ஆகவில்லை, கண்வீக்கம் வற்றி முகம் தெளிந்தது. பிறகும் வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள் விடுவது பழக்கமாயிற்று. செலவும் மிச்சம். நவம்பரில் எடுத்த பிசிஆர் 2.3 என்று வந்தது. மருத்துவர் கோபப்படவில்லை. "வீட்டிலிருக்கும் மாத்திரைகளை நாளைக்குக் கொண்டுவாருங்கள்" என்றார். மறுநாள் மேசையின்மேல் எண்ணினார். ஜூலைக்குப் பிறகு வாங்கியதில் 47 மீதி. அந்த எண்ணை நான் இன்னும் மறக்கவில்லை.

அவர் அன்று சொன்ன ஆராய்ச்சியைப் பின்னர் நானே விவரமாய் அறிந்துகொண்டேன். இலண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் 87 நோயாளிகளின் மருந்துப் புட்டி மூடியில் ஒரு மின்னணுச் சில்லை வைத்தார்கள். மூடியைத் திறந்த நாட்களெல்லாம் அதில் பதிவாகும். 2010-இல் வெளியான அதன் முடிவின்படி, நூற்றுக்குத் தொண்ணூறு நாட்களுக்கு மேல் ஒழுங்காக மருந்தெடுத்தவர்களில் 0.1 என்ற அந்த அளவை எட்டும் வாய்ப்பு ஆறு வருஷத்தில் ஏறக்குறைய 94 சதவீதம்; அதற்குக் குறைவாக எடுத்தவர்களில் 28 சதவீதம். நூற்றுக்குப் பத்து நாள் என்றால் மாதத்தில் மூன்று நாள். எவ்வளவு சிறிய அசட்டை பாருங்கள். மருந்து இரத்தத்தில் குறையும்போது நோயின் அணுக்கள் மறுபடி தலைதூக்குகின்றன. அவற்றில் சில, மருந்து உட்காரும் இடத்தையே மாற்றிக்கொண்டு அதற்கு அடங்காதவைகளாகவும் ஆகலாம். அப்படியானால் டாசாட்டினிப், நிலோட்டினிப் போன்ற அடுத்த தலைமுறை மருந்துகளுக்குப் போகவேண்டும். எனக்கு அந்த நிலை வரவில்லை. ஒழுங்காக எடுக்கத் தொடங்கியபின் எட்டு மாதத்தில் பழைய இடத்திற்குத் திரும்பினேன்.

ஒரு வாலிபனுக்கு அப்படித் திரும்பக் கிடைக்கவில்லை.

அந்தக் கல்யாண் கூட்டத்தில் 26 வயதுத் தம்பி ஒருவன் இருந்திருக்கிறான். டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தவன்; வேறு சபை. அவனுக்கும் இதே நோய். ஒரு வருஷமாய் இதே மாத்திரை. என் சாட்சியைக் கேட்டு வீட்டுக்குப் போய்த் தன் மாத்திரைகளைத் தாயின் கையில் கொடுத்து, "இனி இது வேண்டாம்மா, அந்தப் பாஸ்டரைப் போல எனக்கும் சுகம்" என்றிருக்கிறான். பல மாதங்கள் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை; அதுதான் இந்த நோயின் வஞ்சகம். 2012 பிப்ரவரியில் காய்ச்சல், ஈறில் இரத்தம், எலும்பெல்லாம் வலி. மருத்துவமனையில் சேர்த்தபோது இரத்தம் முழுவதும் முதிராத அணுக்கள். பிளாஸ்ட் நிலை என்று இதைச் சொல்லுகிறார்கள். நாட்பட்டதாய் வருஷக்கணக்கில் அமைதியாயிருந்த நோய் அந்த நிலைக்கு வந்தால் வாரக்கணக்கில் கொல்லக்கூடியதாகிவிடும். வேறு மருந்துகளால் அதை அடக்கி, உடனே மஜ்ஜை மாற்றுவதே வழி. அதற்கு அவனுக்கு நாட்கள் இல்லை. ஏப்ரலில் மரித்தான்.

அடக்கத்திற்கு என்னை அழைத்ததன் காரணம் அங்கே போகும்வரை எனக்குத் தெரியாது. கல்லறையில் எல்லாரும் கலைந்தபின் அந்தத் தாய் என்னிடம் வந்தார்கள். சாத்தான்குளம் பக்கத்து அம்மா. சத்தமிடவில்லை.

"ஐயா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீங்க அன்னைக்குச் சாட்சி சொன்னீங்கள்ல, அப்பவும் அந்த மாத்திரையைத் தின்னுக்கிட்டுத்தான் இருந்தீங்களா?"

"ஆமாம்மா" என்றேன்.

அவர்கள் சற்று நேரம் என் முகத்தைப் பார்த்தார்கள். "அதைச் சொல்லியிருக்கலாமே ஐயா" என்றார்கள். அவ்வளவுதான். பிறகு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்கள். நான் மன்னிப்புக் கேட்டு இரண்டு முறை அவர்கள் வீட்டுக்குப் போனேன். முதல்முறை கதவு திறக்கவில்லை. இரண்டாம் முறை காப்பி கொடுத்தார்கள். மகனைப் பற்றி நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வருஷம் அவர்கள் ஊருக்கே திரும்பிவிட்டார்கள்.

அதன்பின் என் சபையில் சில காரியங்களை மாற்றினோம். சுகம் பெற்றதாய்ச் சாட்சி சொல்லுகிறவர், எடுக்கும் மருந்தையும் பார்க்கும் மருத்துவரையும் சேர்த்தே சொல்லவேண்டும். உபவாச நாட்களிலும் மருந்துள்ளவர்கள் இரவு ஒருவேளை சாப்பிட்டு மாத்திரை எடுக்கவேண்டும். நானே அப்படித்தான் செய்கிறேன், மேடையிலேயே அதை அறிவிக்கிறேன். நம்மைப் போல் பிழைக்க வந்த ஜனங்களுக்கு இன்னொரு கண்ணியும் உண்டு. மே மாதத்திலும் கிறிஸ்துமஸிலும் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏறி ஊருக்குப் போவோம். பத்து நாள் என்று போனது ஒரு மாதமாகும். கையிலிருந்த மாத்திரை தீர்ந்துவிடும். ஊர்க் கடையில் அது இருக்காது. டிக்கெட் எடுக்கும்போதே இரண்டு மாத மாத்திரையை வாங்கிப் பெட்டியில் அல்ல, கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எனக்கு ஒரு புதிய சங்கடம். 2016 முதல் என் பிசிஆரில் அந்த மரபணு கண்ணுக்கே தட்டுப்படவில்லை. "விரும்பினால் மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம்" என்று மருத்துவர் சொல்லுகிறார். முன்பு நான் விட்டதுபோல் அல்ல, இது அளந்து செய்கிற காரியம். பிரான்சில் 100 நோயாளிகளிடம் இதைச் செய்து 2010-இல் வெளியிட்டார்கள். இரண்டு வருஷமாவது நோய் தென்படாதவர்கள் மருந்தை நிறுத்தினார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பேருக்கு நோய் திரும்பவில்லை. திரும்பியவர்களில் பெரும்பாலோருக்கு முதல் ஆறேழு மாதத்திலேயே திரும்பிற்று. மறுபடி மருந்தைத் தொடங்கியதும் அடங்கிற்று. நிறுத்தினால் முதல் வருஷத்தில் மாதந்தோறும் பிசிஆர் எடுக்கவேண்டும். எல்லாருக்கும் இது ஏற்றதல்ல. முடிவு செய்யவேண்டியவர் நோயாளியைப் பல வருஷம் பார்த்த மருத்துவர்.

என் மனைவிக்கு இதில் இஷ்டமில்லை. எனக்கோ கால் இழுப்பு இல்லாத ஒரு ராத்திரி எப்படியிருக்கும் என்று ஆசை. ஆனால் பாஸ்டர் மாத்திரையை விட்டுவிட்டார் என்ற பாதிச் செய்தி மட்டும் காதுக்குக் காது போய் எந்தத் தம்பியின் வீட்டை எட்டும் என்பதே என் பயம். ஆகவே நிறுத்துவதாயிருந்தால், பரிசோதனைச் சீட்டோடு சபைக்கு முன்பாக நின்று, என்ன எண், எத்தனை வருஷம், யார் மேற்பார்வை என்று வாசித்துக் காட்டிவிட்டே நிறுத்துவேன் என்று மருத்துவரிடம் சொன்னேன். அடுத்த பிசிஆர் முடிவு வந்தபின் பேசலாம் என்றார்.

சீட்டைக் காண்பித்த அந்தச் சகோதரிக்கு: உங்கள் கணவரை அழைத்துக்கொண்டு எந்த நாளிலும் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். இரவு எட்டரைக்கு வந்தால் நான் சாப்பாட்டுக்குப்பின் அந்த மாத்திரையை எடுக்கும் நேரமாயிருக்கும்.